பந்து எறிகிறவனுக்கு அம்மா எழுதியது

ருவைஸ்,
ஐக்கிய அரபு எமிரேட்ஸ்,
14.05.2023

அன்புள்ள தம்பி ரஜிதனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று முதல் வரியில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அது உண்மை. ஆனால் ஒரு கிழமையாக எனக்கு நித்திரை இல்லை, அதுவும் உண்மை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் கேட்டால், "ஒண்டுமில்லையம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். வீடியோவில் வரச் சொன்னால் வெளிச்சம் கண்ணைக் குத்துது என்கிறாய். கடிதம் என்றால் நீ நடுவில் வைத்துவிட ஏலாது. பள்ளிக்கூட ஒஃபீசில் என்னோடு வேலை செய்கிற பானுப்பிரியாவின் தம்பி நீ இருக்கிற அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகிறான். அங்கே போய் இறங்கியதும் தபாலில் போடச் சொல்லி அவனிடம் கொடுக்கப்போகிறேன்.

போன ஞாயிறு விடிய உன் விளையாட்டைப் பார்த்தேன். பார்க்க வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். அப்பா காலை டியூட்டிக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். நான் குசினியில் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன்.

தம்பி, அந்த அமெரிக்கன் ஃபுட்போல் எனக்கு இன்னும் முழுக்க விளங்கவில்லை. நீ கல்லூரியில் வெளியே புல்வெளியில் ஆடியபோதாவது ஓடித் தப்ப இடம் இருந்தது. இது மண்டபத்துக்குள் பச்சைக் கம்பளம் விரித்து, சுற்றிவர இடுப்பளவு சுவர் வைத்து, அதற்குள் எட்டுப் பேரை எட்டுப் பேரோடு மோதவிடுவது. பந்து உன் கைக்கு வந்தவுடன் அந்தப் பக்கத்து ஆட்கள் முழுப்பேரும் உன்னை நோக்கித்தான் வருகிறார்கள். நீ அவர்களைப் பார்ப்பதில்லை. தூரத்தில் ஓடுகிற உன் ஆளைத்தான் பார்க்கிறாய். அதுதான் குவார்ட்டர்பேக்கின் வேலை என்று நீ ஒரு தரம் பெருமையாகச் சொன்னாய்.

அன்றைக்கும் அப்படித்தான் எறிந்தாய். கமரா பந்தின் பின்னால் போய்விட்டது. உங்கள் ஆள் பிடித்தான், சனம் எழும்பிக் கத்தியது. கமரா திரும்பி வந்தபோது உன்னைக் காணவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்த உன் ஒரு கால் மட்டும் சுவருக்கு மேலால் தெரிந்தது. அது அசையவில்லை. அதற்குள் டயர் விளம்பரம் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். அந்த விளம்பரம் முடிகிறவரைக்கும் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. அப்பா வந்து, "ஏன் தேத்தண்ணிக்கு உப்புப் போடுறீர்?" என்று கேட்ட பிறகுதான் கையில் உப்புப் போத்தல் இருப்பதைக் கண்டேன்.

விளம்பரம் முடிந்து பார்த்தால் நீ திரும்பவும் நடுவில் நிற்கிறாய், பந்தை வாங்குகிறாய்! சுகம் என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு நீ எனக்குப் போன் எடுத்தாய். "அப்பா டியூட்டிக்குப் போயிட்டாரோ?" என்று கேட்டாய். ஓமப்பன், காலை ஷிஃப்ட் என்றேன். வெயில் தொடங்கிவிட்டதோ என்றாய், சொன்னேன். "அப்பா டியூட்டிக்குப் போயிட்டாரோ?" என்று திரும்பவும் கேட்டாய். லைன் சரியில்லை என்று நினைத்து இன்னொரு தரம் சொன்னேன். மூன்றாம் தரமும் அதையே கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. பதில் வராததை நீ கவனிக்கவும் இல்லை. சிரித்துக்கொண்டு வேறு கதைக்குப் போய்விட்டாய்.

அந்தச் சிரிப்புத்தான் என்னை நித்திரை கொள்ள விடுகுதில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்து நர்ஸ் பிலிப்பைன்ஸ் பிள்ளை. யாருக்கு என்று சொல்லாமல் அவளிடம் கேட்டேன். வெளிச்சம் கூசுவது, கேட்டதையே கேட்பது, சும்மா எரிந்து விழுவது எல்லாம் தலைக்குள் அடி ஆறாமல் இருப்பதற்கு அடையாளம் என்றாள். முதல் அடி ஆறமுன் இரண்டாவது அடி விழுந்தால்... அதற்கு மேல் அவள் சொன்னதை என்னால் இங்கே எழுத முடியாது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், உங்கட மகனா?" என்று கேட்டாள். இல்லை, தெரிந்த ஒருவர் என்று சொல்லிவிட்டேன்.

நீ டொக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சொன்னால் அணியில் இருந்து எடுத்துவிடுவார்கள், அணி இல்லை என்றால் விசாவும் இல்லை என்று உனக்குப் பயம். எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. உன் கஜந்தி அக்கா ஓமானில், சோஹாரில் இருந்து எல்லாம் சொன்னாள். நீ அவளிடம் சொல்லிவிட்டு அம்மாவிடம் சொல்லாதே என்றாயாம். விசா போனால் இன்னொரு விசா எடுக்கலாம் தம்பி.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எண்ணெய் ஆலையில் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர். கவனம் சிதறக்கூடாது.

அடுத்த விளையாட்டுக்கு முன்னம் டொக்டரிடம் போ. உன்னைப் பெற்றவள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். நல்லூரான் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

அன்புடன்,
அம்மா

---

ருவைஸ்,
03.10.2023

என் செல்லத் தம்பி ரஜிதனுக்கு,

நீ அனுப்பிய இரண்டு வரி வட்ஸ்அப்பை நானும் அப்பாவும் எத்தனை தரம் வாசித்திருப்போம். "கொலிஜ்ல கோச்சிங் வேலை கேட்டிருக்கு. போறதோ தெரியேல்லை." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். நாலு மாதம் பேசாமல் இருந்த பிள்ளை இவ்வளவு எழுதியதே எங்களுக்குப் பெரிய காரியம்.

என்மேல் உனக்குக் கோபம் என்று தெரியும். என் கடிதத்தைப் பார்த்துத்தான் நீ டொக்டரிடம் போனாய். அவர் தலையைப் படம் எடுத்துப் பார்த்து, இனி எந்த மைதானத்திலும் இறங்கக்கூடாது என்றார். அணி உன்னை விட்டுவிட்டது. இருபத்தாறு வயதில் உன் விளையாட்டு முடிந்துபோனது. அம்மாதான் முடித்தாள் என்று நீ அக்காவிடம் சொன்னதை அவள் அழுதுகொண்டு சொன்னாள். நான் அழவில்லை. சொன்னால் சொல்லட்டும், சொல்ல அவன் இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பிறகு நீ போனே எடுக்காமல் விட்டபோது வேறு விதமான பயம் பிடித்தது. அடிபட்ட தலையை விட மூடிய அறைதான் பயம், தம்பி. நீ திரைச்சீலையை இழுத்துவிட்டு நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கிறாய் என்று உன் அறைத்தோழன் அக்காவுக்கு எழுதினான். நான் ஒவ்வொரு நாளும் ஒஃபீசில் இருந்து உனக்கு "சாப்பிட்டியா" என்று போடுவேன். அதில் இரண்டு நீலக் கோடு விழுந்தால் அன்றைக்குச் சாப்பிடுவேன். அந்தக் கோடு விழ மூன்று நாள் எடுத்தது ஒரு தரம். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓகஸ்ட் மாதம் ஒரு நாள் டியூட்டி முடிந்து கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆளைக் காணவில்லை. ஜன்னலால் பார்த்தால், ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே இருக்கிறார். நான் செருப்பையும் போடாமல் ஓடினேன். அவர் போனில் அந்தத் துண்டு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு மேலால் உன் கால் தெரிகிறதே, அது. நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். கண்ணாடியைத் தட்டினேன், திறந்தார். "நான்தானே வசந்தி அவனைக் கொண்டுபோய்ப் பழக்கினனான்" என்றார். என்னைக் கல்யாணம் கட்டிய நாளில் இருந்து அந்த மனுசன் என் முன்னால் அழுததில்லை.

பக்கத்து வீட்டு அமெரிக்க எஞ்சினியரின் மகன் முட்டை மாதிரி ஒரு பந்தைக் கொண்டுவர, பள்ளிக்கூடப் பிள்ளையாயிருந்த நீ அதைக் கார்ப் பார்க் முழுக்கத் தாண்டி எறிந்ததை அப்பா எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார். "ஃபுட்போலாம், கையால எறியிறாங்கள்" என்பார். பிறகு அவரே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உன்னை அபுதாபிக்குக் கொண்டுபோய், நீ பழகி முடியும்வரை காருக்குள் தூங்கி, இரவோடிரவாக உன்னைக் கொண்டுவருவார். நைட் ஷிஃப்ட் முடித்த அன்றும் போனார். அதைத்தான் இப்போது குற்றம் என்று சொல்லி அழுகிறார். நீ ஒரு தரம் அவரோடு பேசு. விளையாட்டைப் பற்றி வேண்டாம். காரில் என்ன பிழை என்று கேள், அது போதும்.

இனி அந்த வேலை. உன் பழைய கல்லூரிக் கோச்சே கேட்டிருக்கிறார். மேற்படிப்பும் படிக்கலாம், அவர்களின் குவார்ட்டர்பேக் பெடியங்களுக்கு நீ பயிற்சியும் கொடுக்கலாம். இப்போது இருக்கிற விசா முடியமுன் படிப்புக்கான விசாவும் தருவார்கள் என்று அக்கா சொன்னாள். ஒரு பக்கம், நீ மைதானத்துக் கோட்டுக்கு வெளியே நிற்பாய், உன்மேல் யாரும் விழமாட்டார்கள் என்று ஆறுதல். மறுபக்கம், திரும்பவும் அந்த மைதானமா, அந்தச் சத்தமா என்று பயம். கோட்டில் நின்று பார்க்கிறவனுக்குக் கால் சும்மா இருக்குமா? ஒரு நாள் இறங்கிவிடுவாயோ?

இறங்கமாட்டேன் என்று அப்பாவிடம் சத்தியம் செய்துவிட்டுப் போ. திரைச்சீலையைத் திற. வெளிச்சம் கூசினால் கண்ணாடி போடு, ஆனால் திற. எங்களுக்கு இருக்கிற பிள்ளைச்செல்வம் நீயும் அக்காவும்தான்.

முத்தங்களுடன்,
அம்மா

---

ருவைஸ்,
24.11.2024

அன்புள்ள மகன் ரஜிதனுக்கு,

நேற்று நீ போன் எடுத்தாய். "அம்மா, நான் கோச்சிங்கை விடப்போறன். ஊருக்கு வாறன்" என்றாய். நீ சொன்ன ஊர் எது என்று அப்பா என்னைக் கேட்டார். மார்ச்சில் அவருக்கு வேலை முடிகிறது. கொம்பனி வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணமா, அக்காவிடம் சோஹாருக்கா என்று நாங்களே இன்னும் முடிவெடுக்கவில்லை.

அந்தப் போனில் உனக்குச் சொல்ல முடியாததை எழுதுகிறேன். தபாலுக்கு நேரமில்லை, படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவேன்.

போன சனிக்கிழமை விளையாட்டை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். நீ கோச்சாகிய பிறகு நான் பந்தைப் பார்ப்பதில்லை. கமரா எப்போதாவது கோட்டுக்கு வெளியே திரும்பும், தொப்பியும் காதில் மைக்கும் மாட்டிக்கொண்டு நீ நிற்பாய், அதற்காகத்தான் பார்ப்பேன். அப்பா, "உவன்தான் கேலப், ரஜி பழக்கிற குவார்ட்டர்பேக் பெடியன்" என்று எனக்குக் காட்டினார். பத்தொன்பது வயது என்றாய். மெல்லிய பிள்ளை. பந்தை எறிந்துவிட்டு உன்னைப்போலவே ஒரு கணம் கையைக் கீழே இறக்காமல் நிற்கிறான். அந்தக் கணத்தில்தான் அவனை அடித்தார்கள்.

அவன் எழும்பினான். கையைக் காட்டினான், சனம் தட்டியது. அப்பாகூட, "அப்பாடா, ஒண்டுமில்லை" என்றார். கோட்டுக்கு வெளியே வந்தவன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து, மூடியைத் திறக்காமல் வாயில் வைத்தான். நானும் கண்டேன், ஆனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீ கண்டவுடன் அவன் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாய்.

பிறகு நடந்ததை உலகமே பார்த்தது. அவன் ஹெல்மெட்டைக் கேட்கிறான், நீ கொடுக்கவில்லை. அவன் இழுக்கிறான். நீ அதைப் பிள்ளையைப்போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாய். பெரிய கோச் ஓடிவந்து உன் முகத்துக்கு நேரே கத்துகிறார். இன்னும் கொஞ்ச நேரம்தான், ஒரு தடவை எறிந்தால் வெற்றி என்று அவர் கத்தியிருப்பார். நீ பின்னால் பின்னால் போனாயே தவிர, அதைக் கொடுக்கவில்லை. வேறொரு பெடியன் இறங்கினான், தோற்றுப்போனீர்கள். அந்த வருசமே அதோடு முடிந்தது. வீடியோவுக்கு அடியில் சனம் எழுதியதை அப்பா வாசிக்கத் தொடங்கினார். நான் வாசிக்க விடவில்லை, போனைப் பறித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீதான் சொன்னாய். உடுப்பு மாற்றும் அறையில் அவன் சத்தி எடுத்தான், ஒரு பக்கக் கண்மணி விரிந்துவிட்டது, அம்புலன்சில் உன் கையைப் பிடித்தபடி அறிவு இல்லாமல் போனான். மண்டைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. திறந்து ஒப்பரேஷன் செய்தார்கள். அவன் கண் முழிக்கும்வரை அவன் தாயோடு ஆஸ்பத்திரி வாங்கில் நீயும் இருந்தாய். முழித்தவன் தாயை அடையாளம் கண்டான். ஆனால் வலக்கை விரல்கள் இன்னும் சொன்னபடி கேட்குதில்லை என்றாய். எறிகிற கை.

இன்னொரு அடி விழுந்திருந்தால் ஒப்பரேஷன் மேசைக்கே வந்திருக்கமாட்டான் என்று டொக்டர் சொன்னாராம். அதையும் நீதான் சொன்னாய். சொல்லிவிட்டு, "ஆனா முதல் அடிக்கு அவனை அங்க நிப்பாட்டினது நான்தானே, அம்மா. கையை இறக்காம நில் எண்டு பழக்கினதும் நான்தானே" என்றாய். அப்போதுதான் விடப்போகிறேன் என்றாய்.

தம்பி, ஒரு வருசத்துக்கு முன்னம் நீ இதைச் சொல்லியிருந்தால் நான் கோயிலுக்கு ஓடியிருப்பேன். நேற்றும் முதலில் அப்படித்தான் வாய்வரை வந்தது. வா ராசா, விட்டிட்டு வா என்று. நீ வந்தால் எனக்கு நித்திரை வரும். சனிக்கிழமைகளில் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைக்கத் தேவையில்லை.

ஆனால் இரவு முழுக்க ஒரு நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. வருகிற வருசமும் அந்தப் பெடியங்கள் விளையாடத்தான் போகிறார்கள். நீ வந்துவிட்டாய் என்பதற்காக யாரும் மைதானத்தைப் பூட்டப்போவதில்லை. உன் இடத்துக்கு வேறொருவன் வருவான். அவனுக்குத் தலையில் அடி விழுந்திருக்காது. கெட்டிக்காரனாக இருப்பான், தைரியசாலியாக இருப்பான். மூடி திறக்காத போத்தலைக் கண்டால் பெடியன் பகிடி விடுகிறான் என்று நினைப்பான்.

எனக்கு உன் பயம் தெரியும். அந்தப் பயத்தை உனக்குக் கொடுத்தது அந்தச் சுவர் மட்டுமில்லை, நானும்தான். அது உன்னைக் கோழையாக்கிவிட்டது என்று பெரிய கோச் சொன்னாராம். சொல்லட்டும். பயந்தவன் ஒருவன் அங்கே நிற்க வேண்டும், தம்பி. ஒரு தாயும் அங்கே நிற்க ஏலாது, எங்களை விடமாட்டார்கள்.

விசாவுக்காக இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதே. எங்களுக்கு வீடு இல்லாமல் போகிறது என்பதற்காகவும் இல்லை. அவர்கள் உன்னை வைத்திருக்காவிட்டால் வா, எந்த ஊரில் இருந்தாலும் உனக்கு ஒரு பாய் போடுவோம். திங்கட்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். என்ன முடிவு எடுப்பார்களோ தெரியாது. ஆனால் அவர்கள் போகச் சொல்லட்டும். நீயாகப் போகாதே. எறிந்தவுடன் கையை இறக்கு, தலையைத் திருப்பு என்று புதிதாகச் சொல்லிக் கொடு. நீ பழக்கியது பிழை என்றால் நீதான் திருத்த வேண்டும்.

அப்பா ஒன்று சொல்லச் சொன்னார். "ஹெல்மெட்டைக் குடுக்காம நிண்டானே, அதைப் பார்த்தாப் பிறகு நான் காருக்குள்ள இருந்து பார்த்ததெல்லாம் போச்சுது எண்டு எழுதும்" என்றார். எழுதிவிட்டேன்.

கேலப்பின் தாயோடு இருந்தாய் என்றாய். அவவுக்கு என் வணக்கத்தைச் சொல். சாப்பிட்டாவோ என்று கேள், கேட்டு வாங்கிக் கொடு. அந்த வாங்கில் இருக்கிறவளுக்குப் பசி தெரியாது. பிள்ளையின் விரல் அசைந்தால், எந்த நேரமாக இருந்தாலும் எனக்குச் சொல்ல வேண்டும். ஒரு விரல் என்றாலும்.

எனக்குப் பயம் போகவில்லை, இனிப் போகாது. இருந்தாலும் நீ அங்கே இரு, என் ராசா. நல்லூர்க் கந்தன் உன்னையும், அந்தத் தாயின் பிள்ளையையும், பேர்கூடத் தெரியாத மற்றத் தாய்மாரின் பிள்ளைகளையும் கண் மூடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வசந்தகுமாரி மார்க்கண்டு